வில்லியப்பர் பிறந்த ஊர்

ஆடி அமாவாசைக்கு இரண்டு நாள் முன்பு, காலை ஏழு மணிக்கு ஹீத்ரோவில் இறங்கினேன். எதற்கு வந்தாய் என்று அதிகாரி கேட்டார். சொந்தக்காரரைப் பார்க்க என்றேன். சொந்தக்காரர் செத்து நூறு வருஷத்துக்கு மேலாகிறது என்பதைச் சொல்லி அந்த மனிதரை ஏன் குழப்ப வேண்டும்?

எங்களுக்குச் சேலம். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் முதன்முதலாகக் காடு வெட்டிக் காப்பி போட வந்த வெள்ளைக்காரர்களில் ஒருவர் வில்லியம். தோட்டத்தில் வேலை செய்த பொன்னம்மாளுக்கு அங்கேயே மாரியம்மன் கோவிலில் தாலி கட்டினார். என் அப்பாவுக்கு அவர் கொள்ளுத்தாத்தா. இரண்டு பிள்ளைகள் பிறந்தபின், பெற்றவர்களைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கப்பலேறினார். அடுத்து வந்த துரை, கப்பல் மூழ்கிவிட்டது என்றார். பொன்னம்மாள் தாலியறுத்து வெள்ளைச் சேலை கட்டினாள். அவர் எங்களுக்கு வில்லியப்பர் ஆனார், சாமியும் ஆனார். தண்ணீரில் போனவர் பசியோடு அலைவார் என்று ஆடி அமாவாசைதோறும் கடலூர்க் கடலுக்குப் போய் ரொட்டி, பிராந்தி, சுருட்டு மூன்றையும் இலையில் வைத்து அலையில் விடுவோம். அப்பாவுக்கும் வில்லியப்பன் என்றுதான் பெயர்.

அப்பா இப்போது படுத்த படுக்கை. அடுத்த ஆடியைப் பார்க்கமாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். "அவரு பொறந்த மண்ணை ஒரு தடவ என் கண்ணுல காட்டுடா. அப்புறம் படையலை நீ எடுத்து நடத்து" என்றார் என்னிடம். என் மகன் ஒரு குழாயில் எச்சில் துப்பி அனுப்பிய மரபணுப் பரிசோதனையில், லண்டனில் மார்கரெட் என்றொரு ஓய்வுபெற்ற ஆசிரியை எங்களுக்கு உறவு என்று வந்திருந்தது. "குடும்பக் கல்லறைகள் இங்கேதான், வந்தால் காட்டுகிறேன்" என்று எழுதினார். வில்லியப்பரின் அப்பா அம்மா கல்லறையாவது கிடைக்கும் என்று கிளம்பினேன்.

தங்கியது தெற்கு லண்டனில் மிச்சம் என்ற பகுதியில், தெரிந்தவர் மூலம் கிடைத்த சிவநேசன் வீட்டில். யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து, இன்று சொந்தமாக மளிகைக் கடை வைத்திருப்பவர். என் கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"எங்களுக்கு விசா தராமல் பத்து வரியம் இழுத்தடிச்சவங்கள் அண்ணை. உங்களுக்குச் சாமியோ? சரி, நாளைக்கு நானும் வாறன். உங்களைத் தனிய விட ஏலாது."

மறுநாள் காலை ஒன்பதரைக்குக் கிளம்பினோம். டிராமில் விம்பிள்டன், அங்கிருந்து டிஸ்ட்ரிக்ட் லைனில் ஈஸ்ட் ஹாம். ரயிலை விட்டு வெளியே வந்தால் நகைக்கடை, புடவைக்கடை, தோசை வாசனை. கற்பூரமும் வெற்றிலையும் வாங்கினோம். பஸ்ஸில் ஒரு பவுண்டு எழுபத்தைந்து பென்ஸ். சில நிறுத்தங்களில் இறங்கினால் பழைய தேவாலயம் ஒன்று, சுற்றிலும் இடுப்பளவு புல். மார்கரெட் மழைக்கோட்டோடு வாசலில் நின்றார். என் கையைப் பிடித்துக்கொண்டு முகத்தையே பார்த்தார். பிறகு புல்லை விலக்கிக்கொண்டு ஒரு கல்லின் முன்னால் நிறுத்தினார்.

வில்லியம். மதராஸ் சேர்வராயன் மலைத் தோட்டங்களில் இருந்தவர். எமிலியின் அன்புக் கணவர். ஐந்து பிள்ளைகளின் தந்தை. எண்பத்தோராம் வயதில் அமைதியாகத் துயின்றார்.

மறுபடி படித்தேன். எத்தனை முறை படித்தாலும் எண்பத்தொன்றுதான்.

"தெரிந்துதான் வருகிறீர்கள் என்று நினைத்தேன்" என்றார் மார்கரெட், மெல்லிய ஆங்கிலத்தில். "இந்தியாவில் அவருக்கு யாருமே இல்லை என்றுதான் எங்களுக்குச் சொல்லி வளர்த்தார்கள். மன்னித்துவிடுங்கள்."

அந்த அம்மாள் என்ன செய்வார்? எனக்குக் கோபம் வரவில்லை. அவமானமாக இருந்தது. நாலு தலைமுறையாக அலைக்குள் இறங்கி, சாப்பிடு சாமி, சாப்பிடு சாமி என்று கெஞ்சியிருக்கிறோம். அவரோ இங்கே பேரன் பேத்தி எடுத்து, சூப் குடித்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

அப்பா காத்துக்கொண்டிருந்தார். ஊரில் மாலை ஐந்து மணி, கைப்பேசியில் வீடியோவில் கூப்பிட்டுவிட்டார். சிவநேசன் என் தோளைத் தொட்டார்.

"அண்ணை, பெத்தவங்கடை கல்லறை எண்டு சொல்லி விடுங்கோ. சாகப்போற மனிசனுக்கு இது வேண்டாம்."

நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அப்பா பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவர். கேமரா கல்லின் மேல் போனதுமே படித்துவிட்டார். கைப்பேசியைக் கண்ணருகே கொண்டுபோனார்; திரையில் அவர் மூக்குக் குழாய் மட்டும் தெரிந்தது.

"எம்பத்தொண்ணா?"

"ஆமாப்பா."

"இங்கிருந்து போறப்போ முப்பதுகூட ஆகலைன்னு சொல்வாங்க." மூச்சு வாங்கியது. "அப்போ, அவ தாலிய அறுத்தப்போ இந்தாளு உசுரோட இருந்திருக்கான்."

சாமியை அவர் 'அவன்' என்று சொல்லி அன்றுதான் கேட்டேன்.

"புருஷன் குத்துக்கல்லாட்டம் இருக்கறப்போ பூவையும் பொட்டையும் அழிச்சு உட்கார வெச்சிருக்கோம்டா அவள. நம்ம வீட்டு ஆளுங்கதானே அழிச்சிருப்பாங்க. நாளைக்கு யாரும் கடலுக்குப் போக வேணாம்." இணைப்பு அறுந்தது.

கற்பூரத்தை ஏற்றவில்லை. மார்கரெட் தேநீருக்குக் கூப்பிட்டார்; போகவில்லை.

அமாவாசை அன்று பிற்பகல் இரண்டு மணிக்கு விமானம். ஹீத்ரோவில் உட்கார்ந்திருந்தபோது தம்பி கூப்பிட்டான். அப்பா பொழுது விடிந்ததும், இந்த வருஷம் வீட்டிலேயே பொன்னம்மாளுக்குப் படைக்கலாம் என்றாராம். வீடு மெழுகி, கிழக்கே பார்த்து இலை போட்டிருக்கிறார்கள்.

"இலை அப்படியே கெடக்குண்ணா" என்றான் தம்பி. "அவங்களுக்கு என்ன பிடிக்கும்னு அப்பாவுக்குத் தெரியல. நம்ம சொந்தத்துல ஒவ்வொருத்தரா போன் போட்டுக் கேட்டுட்டோம். யாருக்குமே தெரியல. உனக்கு ஏதாச்சும் ஞாபகம் இருக்கா?"