ஒன்பதாம் நம்பர் வீட்டுச் சிவப்புத் துண்டு

பனியில் நனைந்த வாதாம் இலை எரியும்போது ஒரு புளித்த வாடை வரும். வேப்பஞ்சருகு சடசடவென்று எரிந்து ஓய்ந்துவிடும். மாவிலை கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டுப் பிறகு வழிக்கு வரும். இந்த வாதாம் இலை இருக்கிறதே, அது எரியவும் எரியாது, அணையவும் அணையாது, ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டு, காலையில் வைத்த தீ மத்தியானம்வரை உள்ளுக்குள்ளேயே புகைந்துகொண்டு கிடக்கும். எழுபதுகளின் தொடக்கத்தில் கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் காலனியில் வளர்ந்த யாரைக் கேட்டாலும் மூக்கைச் சுளித்துக்கொண்டு அந்த வாடையைப் பற்றிச் சிரிக்கச் சிரிக்கச் சொல்வார்கள். என்னால் அப்படிச் சிரிக்க முடிந்ததில்லை.

இருபத்திரண்டு வீடுகள் கொண்ட காலனி அது. ஆண்கள் பாதிப்பேர் மின்சார ரயிலேறிப் பட்டணத்து ஆபீஸ்களுக்குப் போகிறவர்கள், மீதிப்பேர் வாத்தியார்கள். எங்களைப்போல் மாதா கோயில் பக்கமோ வேதக்கோயில் பக்கமோ போகிற குடும்பங்கள் ஏழெட்டு இருக்கும். மற்றவர்கள் வெள்ளிக்கிழமை வாசலில் பெரிய கோலம் போடுகிறவர்கள். குப்பை அள்ள வண்டி வரும் என்ற பேச்சே கிடையாது. அதனால் ஒவ்வொரு வீட்டுக்கும் கொல்லையில் இடுப்பளவு ஆழத்தில் ஒரு குழி இருந்தது. "குழி" என்றால் அதுதான். சருகும் காகிதமும் தேங்காய் மட்டையும் அதில் சேரும், சேர்ந்ததைக் கொளுத்துவார்கள். வீட்டுக்கு வீடு மார்பளவு மதில்தான் என்பதால் ஒரு வீட்டுப் புகை அடுத்த வீட்டு அடுப்படிக்குள் உரிமையோடு போய்வரும்.

என் அப்பா ஹைஸ்கூல் கணக்கு வாத்தியார், காலனிச் சங்கத்தின் செயலாளர். சட்டம் போடுவதில் அவருக்கிருந்த ஆசை சாப்பாட்டில்கூட இருந்ததில்லை. யாரோ ஒருவர் பழைய சைக்கிள் டயரைக் கொளுத்தப் போய், கொடியில் காய்ந்த வெள்ளை வேட்டிகளெல்லாம் கரிப்புள்ளி வாங்கியதில் பெரிய சண்டை மூண்டது. அதைச் சாக்காக வைத்துக் கார்பன் தாள் வைத்து நகல் எடுத்து, வீட்டுக்கு ஒன்றாக விதிகளைக் கொடுத்துவிட்டார். குழிக்கு வெளியே தீ கூடாது, காலை ஆறிலிருந்து ஏழுக்குள்தான் கொளுத்த வேண்டும், ரப்பர் கூடாது, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருக்க வேண்டும், பெரியவர் ஒருவர் நிற்க வேண்டும், குச்சி கிழிக்குமுன் மதிலருகே நின்று "கொளுத்தறோம்!" என்று குரல் கொடுத்து, துணியை எடுக்க அவகாசம் தர வேண்டும். இதோடு ஆறு. "பத்துக் கட்டளை போதலைன்னு உங்கப்பா இன்னும் ஏழு எழுதிக் குடுத்திருக்காரு" என்று அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

ஏழாவது விதி, ஒன்பதாம் நம்பர் வீட்டு வசந்தா அக்காவுக்காகவே எழுதப்பட்டது. எங்களுக்கு அடுத்த வீடு. அக்காவின் அப்பா ரயில்வேயில் குமாஸ்தா. அக்காவுக்கு இருபத்திரண்டு வயது. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவள், எனக்குக் குரோஷா பின்னக் கற்றுக்கொடுத்தவள், ஒரே மூச்சில் பேசி முடிக்கிற வாயாடி. பனிக்காலம் வந்தால் மட்டும் மூச்சுத் திணறி அவளுக்கு "இழுப்பு" வந்துவிடும். அந்த நாட்களில் ஒன்பதாம் நம்பர் வீட்டு முன்மதிலில் ஒரு சிவப்புத் துண்டு தொங்கும். துண்டு தொங்குகிறவரை காலனியில் எந்தக் குழியிலும் தீ கூடாது. "சிவப்பைப் பார்த்தா ரயிலே நிக்குது, நாம நிக்க மாட்டோமா?" என்றார் அப்பா. ஒருவர்கூட மறுப்புச் சொல்லவில்லை. காலையில் எழுந்ததும் எல்லா வீட்டிலும் கேட்கிற முதல் கேள்வி, "துண்டு போட்டிருக்கா, பாரு" என்பதுதான். எங்கள் காலனியைப் போல உண்டா என்று எனக்கு அதில் ஏகப்பட்ட பெருமை.

அந்தத் துண்டு காலனியோடு மட்டும் பேசவில்லை என்பது எங்களுக்கு உறைக்கவே இல்லை. பால்காரர், தபால்காரர், கீரைக்காரம்மா எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டுதான் போனார்கள். அக்காவைப் பெண் கேட்டு வந்த இரண்டு இடங்கள், தெருமுனை டீக்கடையில் விசாரித்துவிட்டு அப்படியே திரும்பிப் போயிருந்தன. ஒருநாள் வசந்தா அம்மா மதிலோரம் நின்று என் அம்மாவிடம் சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது: "சார் நல்லதுக்குத்தான் செஞ்சாரு, நான் இல்லேங்கல. ஆனா என் பொண்ணு சீக்காளின்னு நானே தினம் கொடி ஏத்தற மாதிரி இருக்கு, ஸ்டெல்லா அம்மா." அம்மா இதை அப்பாவிடம் சொல்லவில்லை. சட்டம் எழுதியவரிடம் சட்டத்தைக் குறை சொல்வானேன் என்று விட்டுவிட்டாள்.

எனக்குப் பதினொரு வயதாயிருந்த அந்த மாசியில் பனி விடுவேனா என்றது. பத்து நாளாகத் துண்டு மதிலிலேயே கிடந்தது. வாதாம் மரங்கள் செக்கச்செவேலென்று இலையைக் கொட்டுகிற காலம் வேறு; எல்லாக் குழியும் நிரம்பி மேலே கோபுரம் கட்டிவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை செங்கல்பட்டிலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. மாப்பிள்ளைக்கு வங்கியில் வேலை. போட்டோ முன்னமே வந்து, காலனிப் பெண்கள் எல்லோர் கையிலும் ஒரு சுற்று போய்வந்துவிட்டது.

சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டுக் கனகாம்பரத்தைத் தொடுத்து, அக்காவுக்குக் கொடுத்துவிட்டு வரும்படி அம்மா என்னை அனுப்பினாள். அக்கா மடியில் தலையணையை வைத்து, அதன்மேல் இரண்டு முழங்கையையும் ஊன்றி உட்கார்ந்திருந்தாள். மூச்சு ஓட்டைப் பம்பில் காற்றடிக்கிறாற்போல் சத்தம் போட்டது. பூவைப் பார்த்துச் சிரித்தாள், பேசவில்லை. வசந்தா அம்மா என்னைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

"கண்ணு, வசந்தாவுக்கு எப்படியிருக்குன்னு யார் கேட்டாலும் நல்லாயிருக்கான்னு சொல்லணும். உங்கப்பா கேட்டாலும் அதான். சாமி மேல சத்தியம் பண்ணு."

"எந்த சாமி மேல?" என்றேன்.

அவள் ஒரு கணம் யோசித்தாள். "உங்க சாமி மேலயே பண்ணு" என்றாள்.

பண்ணினேன். ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனத்துக்குப் பரிசு வாங்கிய பிள்ளை நான். சத்தியம் எனக்கு விளையாட்டில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்கு மதிலில் துண்டு இல்லை. அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். "தேவலை ஆயிடுச்சு போலிருக்கே, கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்று தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைக்கு வந்தார். தண்ணீர் வாளியோடு நான் பின்னால் நின்றேன். அவர் மதிலருகே போய், "வசந்தா அம்மா! கொளுத்தறோம்!" என்றார். அந்தப் பக்கத்துக் கொல்லைக் கதவு ஒரு சாண் திறந்திருந்தது, பதில் இல்லை. அப்பாவாயிற்றே, இரண்டாவது தடவையும் கூப்பிட்டார். அப்போதும் பதில் இல்லை. என் பக்கம் திரும்பினார்.

"நேத்து போனியே, எப்படியிருந்தா?"

வாளியின் கைப்பிடி கையை அறுத்தது. சொல்லிவிட்டால் சத்தியம் போகும், அக்காவின் கல்யாணம் போகும். சொல்லாவிட்டால் என்ன போகும் என்று தெரிந்தே, "நல்லாயிருக்காப்பா" என்றேன். அப்பா குச்சியைக் கிழித்தார்.

எங்கள் குழியில் புகை எழுந்ததுதான் தாமதம், பத்து நாள் காத்திருந்த காலனி முழுக்க "கொளுத்தறோம்! கொளுத்தறோம்!" என்று குரல் கிளம்பியது. செயலாளர் வீட்டிலேயே கொளுத்திவிட்டார்களே, இனி என்ன! துண்டு தொங்காத சாதாரண நாளில் இரண்டு மூன்று குழிதான் புகையும். அன்றைக்கு அநேகமாக எல்லாக் குழியும் ஒன்றாகப் புகைந்தது, அத்தனையும் ஈர வாதாம் இலை. அவளுக்கென்று போட்ட சட்டமே பத்து நாள் புகையைச் சேர்த்துவைத்து ஒரே காலையில் அவள்மேல் கொட்டிவிட்டது.

எட்டு மணி ஆராதனையில் ஜெபத்துக்கு என்னால் கண்ணை மூட முடியவில்லை. பத்து மணிக்கு நாங்கள் திரும்பி வந்தபோது எங்களுக்கு முன்னால் இரண்டு ரிக்‌ஷாக்கள் காலனிக்குள் திரும்பின. பட்டுப்புடவையும் தாம்பூலத் தட்டுமாக நான்கைந்து பேர் இருந்தார்கள். முன் ரிக்‌ஷாக்காரர் மிதிப்பதை நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்தார். "இன்னா சார் இது, வூடு எதனா பத்திகிச்சா? ரோடே தெர்ல!"

வந்தவர்கள் உள்ளே போய் உட்கார்ந்து கால் மணி நேரம் ஆகியிருக்கும். எங்கள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பதாம் நம்பர் வீட்டு முன்கதவைத் தள்ளிக்கொண்டு வசந்தா அக்கா வெளியே வந்தாள். மாம்பழ நிறப் பட்டுப்புடவை, தலையில் எங்கள் கனகாம்பரம். தோள் இரண்டும் காதுவரை ஏறி இறங்க, ஒரு கையால் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தாள். இன்னொரு கையில் அந்தச் சிவப்புத் துண்டு. "வேணாம்டி, வசந்தா, உள்ள வாடி" என்று அவள் அம்மா பின்னால் ஓடி வந்தாள். மாப்பிள்ளை வீட்டார் வராந்தாவுக்கு எழுந்து வந்து பார்த்துக்கொண்டிருக்க, அக்கா துண்டை விரித்து மதிலில் போட்டாள். போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். உதடு நீலம் பாரித்திருந்தது.

அப்பா வேதப்புத்தகத்தை என் கையில் திணித்துவிட்டு ஓடினார். "தண்ணி! எல்லாரும் குழியில தண்ணி ஊத்துங்க!" என்று கத்தினார். கிணற்று ராட்டினங்கள் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் கிறீச்சிட்டன. யாரோ சைக்கிளில் பறந்து போய் டாக்டரைக் கூப்பிட, அவர் ஸ்கூட்டரில் வந்து ஊசி போட்டார். அக்காவுக்கு மூச்சு ஒழுங்காகி வரும்போது மணி பன்னிரண்டு. செங்கல்பட்டுக்காரர்கள் அதற்கு வெகுநேரம் முன்பே, சொஜ்ஜியைத் தொடாமல், வந்த ரிக்‌ஷாவிலேயே போய்விட்டிருந்தார்கள்.

அன்று சாயங்காலம் அப்பாவிடம், வசந்தா அம்மா கொடியைப் பற்றிச் சொன்னது உட்பட எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அவரோ, "உன் தப்பு பாதிதான். கணக்குல நானும் ஒரு இடத்துல தப்புப் பண்ணியிருக்கேன்" என்றார். மறுவாரமே ஏழாவது விதியைத் திருத்தினார். இனி யார் வீட்டிலும் யாரும் சிவப்புத் துண்டு போடலாம். போட்டால் தீ கூடாது. ஏன் போட்டார்கள் என்று யாரும் கேட்கக் கூடாது. முதல் துண்டை எங்கள் மதிலில் அவரே கொண்டுபோய்ப் போட்டார். எங்கள் வீட்டில் யாருக்கும் ஒரு தும்மல்கூட இல்லை. அப்புறம் பிள்ளை பெற்ற வீட்டிலும், வடாம் காயப்போட்ட வீட்டிலும், பையன் பரீட்சைக்குப் படிக்கிற வீட்டிலும் துண்டு தொங்கத் தொடங்கியது. சில நாட்களில் ஏழெட்டு மதில்கள் சிவப்பாகவே இருக்கும். சீக்கு எந்த வீட்டில் என்று பால்காரருக்குப் பிறகு தெரியவே இல்லை. அப்பா எழுதியதிலேயே நல்ல சட்டம் அதுதான் என்று இன்றைக்கும் சொல்வேன்.

ஆனால் வாய்களுக்குச் சட்டம் போட முடியவில்லை. துண்டை எடுத்துவிட்டு, கேட்டதற்குப் பதிலும் சொல்லாமல் இருந்தாளே என்று வசந்தா அம்மாவைக் காலனி பிடித்துக்கொண்டது. "பெத்த பொண்ணோட உசுரைவிட ஒரு சம்பந்தமா பெரிசு?" என்றார்கள். என் அம்மாவும் சொன்னாள். என் பொய்யைப் பற்றி அப்பாவைத் தவிர யாரிடமும் நான் வாய் திறக்கவில்லை. வசந்தா அம்மா யாருக்கும் எதிர்ப்பேச்சுப் பேசவில்லை. பெண்கள் கூடுகிற இடங்களுக்கு வருவதைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்திவிட்டாள். அக்காவுக்கு டெலிபோன் ஆபீஸில் வேலை கிடைத்தது. நாலு வருஷம் கழித்து, கூட வேலை பார்த்த ஒருவரை, தன் சீக்கை முதலிலேயே சொல்லிவிட்டுக் கல்யாணம் செய்துகொண்டாள்.

இப்போது அந்த இருபத்திரண்டு வீடுகளில் இரண்டோ மூன்றோதான் மிச்சம், மற்றதெல்லாம் அடுக்குமாடி. குழிகள் தூர்ந்து, அவற்றின்மேல் கார்கள் நிற்கின்றன. குப்பை எரித்தால் அபராதம் என்று பலகை வைத்திருக்கிறார்கள். அப்படியும் பீர்க்கன்கரணை ஏரிப்பக்கம் யாராவது கொளுத்துகிறார்கள். உடனே ஒருவர் அதைப் படமெடுத்துச் செல்போனில் புகார் அனுப்புகிறார். அதுவும் வேண்டியதுதான். கொளுத்துமுன் குரல் கொடுக்கிறவர் இல்லை, மதில்கள் ஆளுயரத்துக்கு மேல் எழும்பிவிட்டதால் குரல் கொடுத்தாலும் காதில் விழாது.

போன மாதம் மேடவாக்கத்தில் அக்காவின் வீட்டுக்குப் போயிருந்தேன். எழுபதைத் தாண்டிவிட்டாள், கைக்கெட்டும் தூரத்தில் எப்போதும் இன்ஹேலர். ஐம்பது வருஷமாகத் தொண்டையில் நின்றதை அன்றைக்குச் சொல்லிவிட்டேன்: அப்பா கேட்டபோது நான் பொய் சொன்னேன் அக்கா, என்னால்தான்.

அக்கா இல்லையென்று தலையசைத்தாள்.

"துண்டை எடுத்தது அம்மா இல்லடி. நான்தான் எடுத்தேன். உன்கிட்ட சத்தியம் வாங்கச் சொன்னதும் நான்தான். சார் ரெண்டாவது வாட்டி கூப்பிட்டப்ப அம்மா பதில் சொல்லத்தான் எழுந்திரிச்சாங்க. நான் கையப் புடிச்சு உக்கார வெச்சுட்டேன். போட்டோல அந்த ஆளை எனக்கு அவ்ளோ புடிச்சிருந்துது." இன்ஹேலரை எடுத்தாள், பிறகு அப்படியே கீழே வைத்தாள். "எல்லாரும் அம்மாவ அவ்ளோ பேசினாங்க. நான்தான்னு ஒரு நாள் சொல்லியிருக்கலாம். சொல்லல. அவங்களும் என்னைக் காட்டிக் குடுக்கல, போய்ச் சேர்ற வரைக்கும்."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். மன்னிப்புக் கேட்கத்தான் அங்கே போனேன். இப்போது கேட்க வேண்டியவர்கள் நாங்கள் இருவராகிவிட்டோம். மன்னிக்கத்தான் வசந்தா அம்மா இல்லை.