ஜன்னல் பக்கத்து வயலின்

பூன் லே பேருந்து நிலையத்தில் ஓட்டுநர் மருதப்பனுக்குக் 'கனவு அண்ணன்' என்று பெயர். அதற்காக அவர் எந்த நிறுத்தத்தையும் தவறவிட்டதில்லை. ஜூரோங் தொழிற்சாலைகளைச் சுற்றி வரும் தடம் அவருடையது. பயண அட்டை தட்டும் சத்தம், கதவு மூடும் மணி, பின்னால் வங்க மொழியிலும் மாண்டரினிலும் பேச்சு. இவற்றுக்கெல்லாம் அடியில் அவருக்குள் ஒரு தம்புரா ஓடிக்கொண்டே இருக்கும். சிக்னலில் நிற்கும்போது விரல்கள் ஸ்டியரிங்கில் தாளம் போடும்.

வேலை முடிந்ததும் ரயிலேறி குவீன்ஸ்டவுனில் இறங்குவார். பதினோராவது மாடியில் வீடு. குளித்துவிட்டுக் கூடத்து சோபாவில் உட்கார்ந்து ஒரு கச்சேரி கேட்பார். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் மீதி நாள் என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. அவர் மனைவி முத்தாயிக்கு அது தெரியும்.

கல்யாணமான புதிதில் சிம் லிம் மின்சாதனக் கடையில் வாங்கிய இரண்டு பெட்டி ஸ்பீக்கர்கள். இடுப்பு உயரம், தேக்கு நிறம், ஒரு பெட்டியைத் தூக்கவே இரண்டு பேர் வேண்டும். முத்தாயி வீட்டிலிருந்தே சேலை ரவிக்கை தைத்து லிட்டில் இந்தியா கடைகளுக்குக் கொடுப்பவர். தைத்து முடித்தவை இடதுபக்கப் பெட்டியின் மேல் இருக்கும், தைக்க வேண்டியவை வலதுபக்கப் பெட்டியின் மேல். ஆயுத பூசையன்று தையல் இயந்திரம், கத்தரிக்கோல், மிக்ஸி என்று வரிசையாகச் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டே வந்து, கடைசியில் இரண்டு பெட்டிகளின் நெற்றியிலும் வைப்பார். எவ்வளவு துடைத்தாலும் அந்த இடத்தில் ஒரு சிவப்பு மங்கலாகத் தங்கிவிட்டிருந்தது.

போன வருடம் பெட்டிகளின் குரல் கரகரத்தது. உள்ளே இருந்த கூம்பைச் சுற்றிய நுரை வளையம் நம் ஊர் ஈரக்காற்றில் பொடிப்பொடியாக உதிர்ந்திருந்தது. பெட்டியின் மரமும் ஊதிப்போயிருந்தது. மருதப்பன் பேருந்து நிலையத்தில் அதைப் பற்றிச் சோகமாகப் பேசிக்கொண்டிருந்தபோதுதான் அர்ஃபான் குறுக்கே வந்தார். அதே நிலையத்தில் பேருந்து ஓட்டுபவர், பாட்டுக் கேட்கும் கருவிகளில் பைத்தியம்.

"அண்ணே, என் வீட்டுப் பலகை ஸ்பீக்கரைத் தூக்கிட்டுப் போங்க. பிள்ளை தவழ ஆரம்பிச்சிடுச்சு. ஒன்னு ஸ்பீக்கர் இருக்கணும், இல்ல நான் இருக்கணும்னு பொண்டாட்டி கதீஜா சொல்றா."

"பலகையா? பாட்டு எங்கேர்ந்து வரும்?"

"பலகையேதான் பாடும். ஆயுத பூசை வரைக்கும் வச்சுப் பாருங்க. பிடிக்கலன்னா நானே வேன் கொண்டாந்து தூக்கிட்டுப் போறேன். வாங்கிக்க வேற ஒருத்தர் ரெடியா இருக்காரு லா."

அடுத்த விடுப்பு நாளில் பழைய பெட்டிகள் வெளியே போய், பலகைகள் வந்திறங்கின. ஆள் உயரம், அகராதித் தடிமன். கறுப்புக் கம்பி வலைக்கு நடுவே, சாப்பாட்டை மூடும் பிளாஸ்டிக் தாளைவிட மெல்லிய ஒரு படலம். மின்சாரம் அதை முன்னும் பின்னும் அசைக்க, படலம் முழுவதும் சேர்ந்து நடுங்கிப் பாடும். அடியில் ஒரு மரப் பாதம், பின்னால் ஒரு மின்கம்பி, அவ்வளவுதான்.

முத்தாயி இடுப்பில் கை வைத்துப் பார்த்தார். "ரெண்டு கதவு வாங்கிட்டு வந்துட்டீங்க. வீடு எப்ப வரும்?"

"கேட்டுட்டுப் பேசு."

"சரி, என் ரவிக்கைப் பையெல்லாம் எங்க வைக்கிறது? இதுக்கு மண்டையே இல்லையே. பூசைக்குப் பொட்டு எங்க வைக்கிறது?"

"ஐயோ, இதுல ஒன்னும் வைக்கக் கூடாது. சந்தனம் உள்ள இறங்குனா படலம் போயிடும்."

"பொட்டு வைக்கக் கூடாத சாமானா?" முத்தாயி பைகளை அள்ளிக்கொண்டு சமையலறைக்குப் போனார். நூல் பிசிறு கூடத்தில் பறக்கக் கூடாது என்று அவர் இயந்திரத்தைப் போட்டிருந்தது அங்கேதான்.

அன்று மாலை மருதப்பன் பழைய கச்சேரி ஒன்றைப் போட்டார். பலகைகள் பாடவில்லை, காணாமல் போயின. அவை நின்ற இடத்தில் ஒரு மேடை. நடுவில் பாடகி அமர்ந்திருந்தார், மூச்சை இழுப்பது தெரிந்தது. இடப்பக்கம் வயலின், வலப்பக்கம் மிருதங்கம். தம்புரா எங்கிருந்து வருகிறது என்று சொல்ல முடியவில்லை, மழைக்கு முன் வரும் குளிர்ச்சிபோல அது அறை முழுக்க இருந்தது. வெளியே மேம்பாலத்தில் ரயில் ஒன்று ஒளி வரிசையாக நழுவிப் போனது. அதுவும் மோகனத்தில் போவதாக அவருக்குத் தோன்றியது.

சில மாலைகள் இப்படிப் போயின. பிறகு, பாட்டு அடங்கும் ஓர் இடைவெளியில், சமையலறையிலிருந்து வேறொரு குரல் கேட்டது. செல்பேசியில் வானொலி. தையல் இயந்திரத்தின் பக்கத்தில், நூல்கண்டுமேல் சாய்த்து வைத்திருந்தார் முத்தாயி.

மருதப்பனுக்குச் சுருக்கென்றது. "ஏன், இது பிடிக்கலையா?"

"எது?"

"பாட்டு."

"எந்தப் பாட்டு? இங்கதான் ஒன்னும் கேக்கலையே!" முத்தாயி காலை மிதியிலிருந்து எடுத்தார். "பொட்டி இருந்தப்ப பாட்டு மூலையெல்லாம் திரும்பி இங்க வரும். தொம்முனு மிருதங்கம் விழுந்தா தரை வழியா என் கால்ல தெரியும். அந்தத் தாளத்துக்குத்தானே மிதிப்பேன்."

"நீதான் ஒருநாளும் உட்கார்ந்து கேட்டதில்லையே."

"நின்னுக்கிட்டா தைக்கிறாங்க? நானும் உட்கார்ந்துதாங்க கேட்டேன். இத்தனை வருஷமா."

மருதப்பன் கூடத்துக்கு வந்தார். பலகையின் பக்கவாட்டில், சமையலறை வாசலருகே நின்று பார்த்தார். உண்மைதான். பாடகி சட்டென்று தொலைவுக்குப் போய்விட்டார். கத்தி முனையிலிருந்து பார்த்தால் கத்தி தெரியாததுபோல, பலகையின் ஓரத்தில் பாட்டே இல்லை. தன் ஒரு மணி நேரம் என்று அவர் நினைத்திருந்தது இருவருடையதாக இருந்திருக்கிறது. அதில் பாதியை அவரே கதவு கொண்டுவந்து மூடிவிட்டார்.

மறுநாள் அர்ஃபானிடம் சொன்னார்: "பூசைக்கு மறுநாள் வேன் கொண்டாந்துடு."

"ஏன்ணே, சத்தம் நல்லால்லையா?"

"சத்தம் நல்லாத்தான் இருக்கு. ஒரு ஆளுக்கு மட்டும் இருக்கு."

பூசைக்கு முதல் நாள் முத்தாயி லிட்டில் இந்தியாவில் பஃபலோ ரோட்டுக்கு ரவிக்கைகளைக் கொடுக்கப் போயிருந்தார். தீபாவளிக் கூட்டம், திரும்ப நேரமாகும். திருப்பிக் கொடுக்கும் முன் கடைசியாக ஒருமுறை கேட்கலாம் என்று மருதப்பன் கச்சேரியைப் போட்டுவிட்டு, தூசி துடைக்கப் பலகைக்கும் சுவருக்கும் நடுவே நுழைந்தார். துணியோடு அப்படியே நின்றுவிட்டார்.

பழைய பெட்டியின் முதுகுப்பக்கம் எப்போதும் போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல இருக்கும். இங்கே அப்படி இல்லை. முன்னால் கேட்ட அதே பாடகி, அதே மூச்சு. படலம் முன்னால் அசையும்போது பின்னாலும்தானே அசைகிறது! அதற்கு முதுகே இல்லை, இரண்டு முகம். சுவரைப் பார்த்து ஒருத்தி இத்தனை நாளும் முழுக் கச்சேரி பாடிக்கொண்டிருந்திருக்கிறாள்.

அவர் சமையலறையைப் பார்த்தார். தையல் இயந்திரத்தைப் பார்த்தார். பிறகு சட்டையைக் கழற்றிவிட்டு சோபாவை இழுக்கத் தொடங்கினார்.

முத்தாயி கதவைத் திறந்தபோது கூடம் திரும்பிக் கிடந்தது. பலகைகள் சுவரை விட்டு வந்து, சமையலறையின் அகன்ற வாசலுக்கு இருபுறமும் காவல்காரர்கள்போல நின்றன. ஒரு முகம் சோபாவைப் பார்த்தது. இன்னொரு முகம் தையல் இயந்திரத்தை.

"என்னங்க இது, ஏர்போர்ட் ஸ்கேனர் மாதிரி? நான் இதுக்கு நடுவுல போயித்தான் சோறு வடிக்கணுமா?"

"போய் உன் இடத்துல உட்காரு. மெஷினைப் போடு."

முத்தாயி முணுமுணுத்துக்கொண்டே போய் உட்கார்ந்தார். மருதப்பன் பாட்டைப் போட்டுவிட்டு சோபாவுக்கு வந்தார். தம்புரா எழுந்தது. இயந்திரச் சத்தம் வரவில்லை. வெகுநேரம் வரவில்லை. அவர் சோபா நுனிக்கு நகர்ந்தார்.

"ஏங்க."

"என்ன?"

"வயலின்காரர் கூடத்து ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருக்காரா?"

மருதப்பன் கேட்டுப் பார்த்தார். "ஆமா. எனக்கும் ஜன்னல் பக்கம்தான்."

"எனக்கு வலது கைப் பக்கம்."

"எனக்கு இடது."

அவர்களுக்கு நடுவே பாடகி ஆலாபனையைத் தொடங்கினார், இருவருக்கும் முகம் காட்டி. சிறிது நேரத்தில் தையல் இயந்திரம் மெதுவாக மிதிபட்டது. ஒன்று மட்டும் முத்தாயி சொன்னார்: "தொம்முதான் கால்ல வரல." அந்த மெல்லிய படலத்தில் அது வராது.  கொஞ்சம் கழித்து முத்தாயி கோப்பி எடுத்துக்கொண்டு பலகைகளுக்கு நடுவே வந்தார். பாடகி இருந்த இடத்தில் ஒரு கணம் நின்று, "கொஞ்சம் நகருங்கம்மா" என்று காற்றிடம் சொல்லிவிட்டுக் கடந்தார்.

ஆயுத பூசையன்று வீட்டில் இயந்திரமும் ஓடவில்லை, பாட்டும் இல்லை. எல்லாவற்றுக்கும் ஓய்வு. முத்தாயி சந்தனக் கிண்ணத்தோடு ஒவ்வொன்றாக வந்தார். பலகையின் முன் நின்றார். அவர் கறுப்பு வலையைப் பார்த்தார், பிறகு குனிந்தார். மரப் பாதத்தில், ஒரு பொட்டு. அடுத்த பாதத்தில் இன்னொன்று.

மறுநாள் காலை அர்ஃபான் வாசலில் வந்து நின்றார். "அண்ணே, வேன் கீழ நிக்குது."

மருதப்பன் வாய் திறப்பதற்குள் உள்ளேயிருந்து குரல் வந்தது: "பொட்டு வச்ச சாமானை யாருப்பா வெளிய அனுப்புவாங்க? உள்ள வா, கதீஜாவுக்குச் சுண்டல் எடுத்துட்டுப் போ. அந்தக் கதவுக்கு நடுவுலயே வா, இன்னும் யாரும் பாடல."