உப்பில் ஊறிய வான்கோழி

வாயில் எச்சில் சுரக்காத ஒரு மனிதர் பொழுதுக்கும் செல்போனில் சமையல் வீடியோ பார்த்துக்கொண்டே படுத்திருந்தால் பக்கத்தில் இருப்பவளுக்குக் கோபம் வருமா வராதா? எனக்கு வந்தது. அதுவும் என்ன வீடியோ? வெள்ளைக்காரன் ஒருவன் முழு வான்கோழியை இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் புகை போடுகிறான். பகல் முழுக்கப் புகை. கடைசியில் கத்தியால் நெஞ்சுக்கறியைக் கீறிக் காட்டுகிறான், சாறு வழிகிறது. என் வீட்டுக்காரர் அந்த இடம் வந்ததும் பின்னுக்குத் தள்ளி மறுபடியும் பார்ப்பார்.

அவர் லாரி டிரைவர். பாதி ஆயுசை அசாம், நாகாலாந்து ரோட்டில் கழித்தவர். தூக்கம் வராமல் இருக்க புகையிலை கலந்த மாவாப் பாக்கை அடக்கி அடக்கிக் கன்னத்துக்குள் புண் வந்தது. புற்றுநோய் என்று சென்னையில் சொன்னார்கள். ஆபரேஷன் செய்தார்கள், கதிர்வீச்சுக் கரண்ட் வைத்தார்கள். நோய் போய்விட்டது என்றார்கள். கூடவே எச்சிலும் போய்விட்டது. புண்ணெல்லாம் ஆறிய பிறகும் சோற்றை வாயில் வைத்தால் மணல் மாதிரி அங்கேயே நிற்கும். ஒரு வாய்க்கு ஒரு மடக்குத் தண்ணீர். கஞ்சி, பால், கரைத்த இட்லி, மாதக்கணக்கில் இதுதான் சாப்பாடு. நான் ரவிக்கை தைத்துப் பிழைப்பவள். ஊரார் துணியை ஓரம் கட்டிவிட்டு இவர் சட்டையைப் பிரித்துப் பிரித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தேன்.

கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போனபோது எடை மெஷினைப் பார்த்துவிட்டு டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். "அடுத்த தடவையும் வெயிட் எறங்கியிருந்தா வயித்துல டியூப் போட்டுத்தான் சாப்பாடு குடுக்கணும்மா" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஊருக்குத் திரும்பும் ரயில் அரக்கோணம் தாண்டிய பிறகுதான் இவர் வாயைத் திறந்தார்.

"டியூப்பு போட்டா நான் உயிரோட இருக்க மாட்டேன். பாத்துக்கோ."

"வாயால துன்னா ஏன் போடப் போறாங்க?"

"இன்னாத்த துன்றது? கஞ்சியப் பாத்தாலே கொமட்டிகினு வருது."

"அப்ப இன்னாதான் வேணும்? சொல்லித் தொலைங்களேன்."

"வான்கோழி. பொகை போட்டது."

எதிர் சீட்டில் முருகனுக்கு மொட்டை போடப் போகிற குடும்பம் உட்கார்ந்திருந்தது. கைக்குழந்தையை மடியில் வைத்திருந்த அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இட்லியை விழுங்க முடியாத ஆள் வான்கோழி கேட்கிறார். வான்கோழிக் கறி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கொஞ்சம் அசந்தால் தேங்காய் நார்தான்.

வீட்டுக்கு வந்து நாத்தனாரிடம் சொன்னேன். இவருடைய அக்கா, பள்ளிப்பட்டில் தறி நெய்தவர், புருஷன் போன பிறகு எங்களோடுதான் இருக்கிறார். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். என்னை ஆதரித்துத் தம்பியை நாலு திட்டுத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ சட்டென்று கண்ணை மூடிக் கையைக் கூப்பினார்.

"அவன் வாயத் தெறந்து ஒண்ணு கேட்டானே, அதுவே போதும். முனீஸ்வரனுக்குப் படைச்சிட்டு மொத வாய் அவனுக்குக் குடுக்கலாம். எல்லாம் எறங்கும்."

எங்கள் வீட்டில் முனீஸ்வரனுக்குப் படைக்கிற கறியைச் சமைக்கும்போது உப்பு பார்க்கக் கூடாது. நாக்கில் வைப்பது என்ன, மூக்குக்கு நேராகக் கொண்டுபோய் முகர்ந்துகூடப் பார்க்கக் கூடாது. அண்ணி அதில் கறார். அன்றைக்கு எனக்கு அது ஒரு பெரிய விஷயமாகவே படவில்லை.

அதற்குப் பிறகு நானும் அந்த வீடியோக்களைப் பார்க்க ஆரம்பித்தேன். பேச்சு ஒன்றும் புரியாது. கையைத்தான் பார்ப்பேன். எல்லாரும் ஒரே வேலையைத்தான் செய்தார்கள். முந்தின நாளே பறவையை உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரில் முழுசாக முக்கிவிடுகிறார்கள். அந்தத் தண்ணீர் கறிக்குள் இறங்கினால் நெருப்பில் அவ்வளவு சுலபமாகக் காயாதாம். புகையில் வைக்கும்போது அடியில் ஒரு தட்டில் தண்ணீர். தோலுக்கும் கறிக்கும் நடுவில் வெண்ணெய். தணல் சின்னதாக இருக்க வேண்டும். எடுத்த சூட்டோடு வெட்டக் கூடாது. இதையெல்லாம் நான் சொன்னபோது இவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"நாகாலாந்துல கறிய அடுப்புக்கு மேல கட்டித் தொங்க வுடுவாங்க. கட்டையாட்டம் காஞ்சி பூடும். ஆனா அந்த வாசனை கீது பாரு" என்று எழுந்தே உட்கார்ந்துவிட்டார்.

கிருத்திகை இல்லாத ஞாயிறாகக் காலண்டரில் பார்த்துக்கொண்டோம். முருகன் மலையைப் பார்த்த தெருவில் குடியிருந்துகொண்டு கிருத்திகையில் கறிப்புகை கிளப்பினால் தெருவே வாசலில் வந்து நிற்கும். சனிக்கிழமை கே.ஜி.கண்டிகையில் வான்கோழி வளர்க்கிறவரிடம் போய் ஒரு பெட்டையைப் பிடித்து, அங்கேயே அறுத்துச் சுத்தம் செய்து வாங்கி வந்தேன். பெட்டை என்றுதான் பேர். என் இடுப்பில் தூக்கி வைத்தால் ஒரு வயசுப் பிள்ளை மாதிரி கனத்தது. டீக்கடை பக்கத்தில் பேரல் அடுப்பில் கோழி சுடுகிறவர், பழசு ஒன்று சும்மா கிடக்கிறது என்று நான் வந்த ஆட்டோவிலேயே ஏற்றிவிட்டார்.

அன்று சாயங்காலம் பெரிய பிளாஸ்டிக் பக்கெட்டில் தண்ணீர் பிடித்துக் கல்லுப்பு, வெல்லம், நசுக்கிய மிளகு, பூண்டு எல்லாம் போட்டுக் கரைத்து வான்கோழியை முக்கினேன். மேலே ஐஸ்கட்டி. அண்ணி எட்டிப் பார்த்து, "இன்னாம்மா, இவ்ளோ பெரிய பக்கெட்டு" என்றார். "ஊறணும் அண்ணி" என்றேன். "ஆங், நல்லா ஊறட்டும்" என்று போய்விட்டார். இருவரும் ஒரே விஷயத்தைத்தான் பேசுகிறோம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

காலையில் எடுத்துக் கழுவித் துடைத்து வைத்துவிட்டு மாமரக்கட்டை வாங்கப் போனேன். வேப்பங்கட்டை என்றால் வாசலிலேயே கிடைக்கும், ஆனால் கறி கசந்துபோகும். நான் திரும்பி வந்தபோது அண்ணி வெண்ணெய் தடவி முடித்து, நூலால் காலைக் கட்டிக்கூட வைத்திருந்தார். தறிக்காரக் கை, முடிச்சு அவ்வளவு நேர்த்தி. தோல் பளபள என்று இருந்தது. மஞ்சளும் மிளகும் தடவியிருப்பது தெரிந்தது. நல்லதாகப் போயிற்று, ஒரு வேலை மிச்சம் என்று நினைத்தேன்.

பேரலின் ஒரு பக்கம் தணல், மறு பக்கம் பறவை, அதன் கீழே தண்ணீர்த் தட்டு. மூடியதும் ஓரத்தில் நூல் நூலாகப் புகை வந்தது. இவர் கொல்லையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். எத்தனையோ மாதம் கழித்து அவராக வெளியே வந்து உட்கார்ந்ததைப் பார்த்ததில் எனக்குச் சந்தோஷம். அதை மறைக்க, "போய்ப் படுங்க, பொகை ஆகாது" என்று எரிந்து விழுந்தேன்.

"காத்து அந்தப் பக்கம் அடிக்குது. நீ மூடியத் தொறக்காத. தொறந்தா காஞ்சிடும்."

"எனக்குத் தெரியும்."

"தட்டுல தண்ணி கீதா?"

"கீது, கீது. லாரி கிளீனராட்டம் நொய்நொய்னு பக்கத்துல உக்காந்து சொல்லாதீங்க."

பக்கத்து வீட்டு அம்மாள் மதில்மேல் தலையை நீட்டி, "எதுனா பத்திக்கிச்சா?" என்று கேட்டாள். இவர் சிரித்தார். சிரித்தால் ஆபரேஷன் செய்த பக்கம் இழுக்கும். அப்படியும் சிரித்தார்.

வெயில் இறங்குகிற நேரத்தில் மூடியைத் திறந்தேன். கரிந்துவிட்டது என்றே நினைத்தேன், அவ்வளவு கறுப்புச் சிவப்பு. ஆனால் தொடையைக் குத்தினால் சாறு வந்தது. உண்மையிலேயே வந்தது, அந்த வெள்ளைக்காரன் காட்டின மாதிரியே. கொஞ்ச நேரம் துணி போட்டு மூடி வைத்தோம். அண்ணி ஒரு காலைத் தனியே எடுத்து வாழையிலையில் வைத்துக் கற்பூரம் காட்டினார். அதுவரை நாங்கள் இருவரும் விரலைக்கூட நக்கவில்லை.

முதல் வாய் அவருக்கு. நெஞ்சுக்கறியை நார் நாராகப் பிய்த்து, வழுக்கிக்கொண்டு இறங்கட்டும் என்று கீழ்த்தட்டில் இறங்கியிருந்த சாற்றையே சூடாக ஊற்றி, ஒரு கிண்ணத்தில் கொடுத்தேன். அவர் ஒரு விரல் அளவு எடுத்து வாயில் வைத்தார். மென்றார். நானும் அண்ணியும் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது ஏறி இறங்கியது. தண்ணீர் குடிக்கவில்லை. அடுத்த வாய் எடுத்தார். அதற்கடுத்தது. அண்ணி அழவே ஆரம்பித்துவிட்டார்.

"எப்டி கீது?" என்று கேட்டேன்.

"நல்லாகீது."

"உப்பு ஒறப்பு?"

"ஆங், சரியாகீது."

தினமும் நான் கேட்பதும் அவர் சொல்வதும் இதுதான். எனக்குத் தலைகால் புரியவில்லை. டியூப் இல்லை, வயிற்றில் ஓட்டை இல்லை, என் புருஷன் கறி சாப்பிடுகிறார். சமையல்கட்டுக்குப் போய், அதே நெஞ்சுக்கறியில் ஒரு துண்டைக் கிள்ளி அதே சாற்றில் தொட்டு வாயில் போட்டேன்.

துப்பிவிட்டேன். கையிலேயே துப்பினேன். உப்பு என்றால் அப்படி ஒரு உப்பு. கல்லுப்பை அள்ளி வாயில் கொட்டிய மாதிரி நாக்கு சுருண்டுபோனது. பின்னால் வந்த அண்ணி என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தானும் ஒரு துண்டு எடுத்தார். அவரும் துப்பினார்.

"நீங்க உப்பு போட்டீங்களா?"

"போடாம? தோலுக்குள்ளகூடக் கைய வுட்டு நல்லாத் தேச்சேன். தட்டுத் தண்ணியிலயும் ஒரு கை போட்டேன்."

"நான்தான் ராத்திரிபூரா உப்புத் தண்ணியில ஊற வெச்சேனே அண்ணி."

"அது கவுச்சி போறதுக்குக் கழுவறது இல்லியா?"

அவர்மேல் குற்றமில்லை. உப்பும் மஞ்சளும் போட்ட தண்ணீரில் கறியை அலசுவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். அந்த உப்பைக் குழம்பு உப்போடு யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. அவர் கண்ணுக்கு என் பக்கெட் வெறும் கழுவுகிற பக்கெட். ஆனால் அது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. அந்த நிமிஷம் நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் கொல்லைப் பக்கம் திரும்பிப் பார்த்தோம். இவர் கிண்ணத்தைச் சாய்த்து மிச்சமிருந்த சாற்றை விரலால் வழித்துக்கொண்டிருந்தார்.

கண்ணுக்கு முன்னால் ரசம், கஞ்சி, கரைத்த இட்லி, நான் பக்கத்திலேயே நின்று கேட்டது, அவர் ஒவ்வொரு முறையும் சரி சரி என்று தலையாட்டியது எல்லாம் வரிசையாக வந்தது. போய்க் கிண்ணத்தைப் பிடுங்கினேன்.

"இதுல உப்பு எப்டி கீது? நெசத்த சொல்லுங்க."

அவர் என் முகத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார். புரிந்துகொண்டார்.

"ஜாஸ்தியா?"

"வாயில வைக்க முடியல."

"லேசா எரிஞ்சுது. எது துன்னாலும் எரியுது, அதனால கண்டுக்கல."

"எப்பலேர்ந்து ருசி தெரியல?"

"கரண்ட்டு வெச்சதுலேர்ந்தே. உப்பு, காரம், தித்திப்பு ஒண்ணுமே இல்ல. காயிதத்த மெல்ற மாதிரி."

"டாக்டர்கிட்டகூட தெரியுதுன்னு சொன்னீங்க. என்கிட்ட ஏன் மறைச்சீங்க?"

"நீ கரண்டிய வெச்சிகினு எதிர்ல நிப்ப. ஒண்ணும் தெரியலன்னா உன் மூஞ்சி இன்னா ஆவும்? அதான் சரியாகீதுன்னு சொல்லிகினு வந்தேன்."

நான் கத்தினேன். என்னென்ன கத்தினேன் என்று எனக்கே நினைவில்லை. இத்தனை மாதமாகக் காகிதத்தைத் தின்றுகொண்டு என்னிடம் நல்லாகீது, நல்லாகீது என்று சொன்ன மனிதரை வேறு என்ன செய்வது? சோறு இறங்காததற்கு எச்சில் இல்லாததுதான் காரணம் என்று தண்ணீரைக் கூட்டிக் கூட்டி ஊற்றிக்கொண்டிருந்தேனே. அவர் நான் முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு, "ஆனா இது தெரிஞ்சுது" என்றார்.

"எது?"

"பொகை. நாக்குல இல்ல. மூக்குக்குள்ள ஏறி வந்துச்சி. மரக்கட்டைப் பொகை வாசனை. வேற எதுலயும் இப்டி வரல. அதான் துன்னுகினே இருந்தேன். இன்னும் கொஞ்சம் போடேன்."

கொடுப்பதா வேண்டாமா என்று தவித்துப் போனேன். அவ்வளவு உப்பு அவர் உடம்புக்கு ஆகாது. ஆனால் அவராகக் கேட்கிறார். கறி முழுவதையும் பிய்த்து வெந்நீரில் போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டி, மறுபடி வெந்நீர் ஊற்றி, உப்பு விடும்வரை அலசினேன். மிளகு, வெல்லம், பூண்டு எல்லாம் தண்ணீரோடு ஓடிவிட்டது. புகை மட்டும் கறியை விட்டுப் போகவில்லை. ஆஸ்பத்திரியில் அடுத்த முறை எடை ஏறவில்லை, ஆனால் இறங்கவும் இல்லை. இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம் என்று டியூப்பைத் தள்ளிப் போட்டார்கள்.

அன்று அலசிய கறியை இரண்டு கிண்ணத்தில் போட்டேன். ஒன்றை அவரிடம் கொடுத்துவிட்டு மற்றொன்றோடு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் நாக்கிலும் உப்பில்லை, காரமில்லை, ஒன்றுமில்லை. விழுங்கும்போது மூக்கில் கொஞ்சம் புகை ஏறியது, அவ்வளவுதான். இத்தனை மாதத்தில் அன்றைக்குத்தான் அவரும் நானும் ஒரே சாப்பாட்டைச் சாப்பிட்டோம்.