ரிசல்தார் மகள் ஏறிய குதிரை

பரிபூரணம் கல்யாணமாகி ராஜபாளையத்துக்கு வந்தபோது, சீர்வரிசையோடு ஒரு குதிரைச் சேணமும் வந்தது. அவளுடைய அப்பா பொன்னுராஜ் குதிரைப் படையில் ரிசல்தார் என்ற அதிகாரிப் பதவியில் இருந்தவர். வெள்ளைக்கார மேஜர் ஒருவர் கப்பலேறும் முன் அவருக்குக் கொடுத்துவிட்டுப் போன தோல் சேணம் அது. கடிவாளமும் பித்தளை வளையங்களும் அப்படியே இருந்தன. ஓய்வுபெற்றுச் சேத்தூருக்குத் திரும்பியவர் ஒரு குதிரையும் வளர்த்தார். மகன் இல்லாத அந்த வீட்டில் அதன்மேல் ஏறித் திரிந்தவள் பரிபூரணம்தான்.

பிறகு அவளுக்கு மில் வேலை, பிள்ளைகள் என்று காலம் ஓடியது. சேணத்துக்கு எண்ணெய் போடுவதை மட்டும் அவள் விடவில்லை.

"தாளிக்கிற எண்ணெய விட இதுக்குத்தான் அதிகம் செலவாகுது" என்பார் கணவர் ஐயாதுரை. அவர் அதே மில்லில் ஃபிட்டர்.

1992 சுதந்திர தின ஊர்வலத்துக்குச் செட்டியார்பட்டியிலிருந்து ஒரு கல்யாணக் குதிரையைப் பேசியிருந்தார்கள். பட்டாள வேஷம் போட்ட ஒருவர் அதில் முன்னால் போக வேண்டும் என்று ஏற்பாடு. விழாக் குழு சுப்புராஜ் சேணத்தை இரவல் கேட்டு வந்தார்.

"தாரேன் அண்ணாச்சி. ஆனா ஏறுறது நாந்தான்."

"விளையாடாதம்மா. விழுந்துட்டா யாரு பதில் சொல்றது?"

"குதிரையக் கொண்டாங்க. பாத்துட்டுச் சொல்லுங்க."

மறுநாள் மைதானத்தில் அவள் சேணத்தைக் கட்டி ஏறி, குதிரையை ஓடவிட்டுத் திரும்பி வந்து நிறுத்தினாள். சுப்புராஜ் சிரித்துவிட்டார். "வேஷம் வேண்டாம்மா, நீயே வா."

ஐயாதுரையின் காக்கிச் சட்டையும் பேண்ட்டும் போட்டுக்கொண்டு அவள் ஊர்வலத்தின் முன்னால் போனாள். பஞ்சு மார்க்கெட் அருகே, குதிரையின் வயிற்றைச் சுற்றிக் கட்டியிருந்த பழைய வார் அறுந்தது. சேணம் ஒருபக்கமாகச் சரிய, சட்டென்று குதித்துவிட்டாள். கூட்டம் பதறியது.

"கையில பிடிச்சுட்டு நடந்துரும்மா" என்றார்கள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஐயாதுரை வந்தார். சேணத்தைத் தூக்கித் தோளில் போட்டார்.

"நீ ஏறு. இத நான் கொண்டு வாரேன்."

அவள் பிடரிமயிரைப் பற்றி வெறும் முதுகில் தாவி ஏறினாள். அவர் பக்கத்திலேயே நிமிர்ந்து நடந்தார்.

"என்ன மாமா, தோள்ல சுமை?" என்று ஒருவன் கேட்டான்.

"எம் மாமனார் சேணம்லே. மேல வாரது எம் பொண்டாட்டி."

அறுந்த வாரை அவரே கொண்டுபோய்ப் புதிதாகத் தைத்து வாங்கினார். அடுத்த ஆண்டு ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களும் அவளை அழைக்க வந்தார்கள். அவள் வாய் திறக்கும் முன் ஐயாதுரை சொன்னார்:

"காலையில இங்க. சாயங்காலம் அங்க. ரெண்டு ஊருக்கும் அவ வருவா."