சமையலறைக் குழாயில் வந்த உப்புத் தண்ணீர்

ஓசூர் கம்பெனியில் ஆள் குறைத்தபோது எனக்குக் கைக்குழந்தை இருந்தது. எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். சோற்றுக்காகப் பிளம்பிங் கற்றுக்கொண்டேன்.

காரிமங்கலத்தில் தனியாக எடுத்த முதல் வேலை. வீட்டுக்காரர் நாள் முழுக்கச் சீண்டினார். "என்னப்பா பி.காம்., பைப்பு மாட்டவா உங்கப்பன் கூலிக்குப் போயி படிக்க வெச்சான்?" நாலு பேர் சிரித்தார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது. பதில் சொன்னால் வேலை போய்விடும்.

எங்கள் பக்கம் வீட்டுக்கு இரண்டு தொட்டி. குடிக்க ஆற்றுத் தண்ணீர், துவைக்க போர்வெல் தண்ணீர். போர்வெல் தண்ணீர் குடித்து வளர்ந்தால் பல்லில் கறை ஏறும். என் பல்லே சாட்சி. அவர் பேச்சு கிளப்பிய ஆத்திரத்தில் கவனம் தவறி, சமையலறைக்குப் போர்வெல் பைப்பை மாற்றி இணைத்துவிட்டேன். சமையலறைக் குழாயைத் திறந்து ருசிகூடப் பார்க்காமல் கிளம்பினேன்.

மறுநாள் வீட்டுக்காரரின் மருமகள் போன் செய்தார்.

"அண்ணா, தண்ணி உப்பு கரிக்குதுங்க. பாப்பாவுக்கு இதுலதான் கஞ்சி காய்ச்சிட்டேன்."

ஓடிப்போய்ச் சரிசெய்தேன். "பாத்தியா பி.காம். வேலையை!" என்றார் வீட்டுக்காரர். கோபம் வந்தது, அவர்மேல் அல்ல. என் மகளுக்கு ஆற்றுத் தண்ணீர் தவிர நான் எதுவும் கொடுத்ததில்லை. அவர் பேசிய பேச்சுக்கு அந்தக் குழந்தையைப் போர்வெல் தண்ணீர் குடிக்க வைத்திருக்கிறேன்.

அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. இப்போதெல்லாம் எந்த வீட்டிலும் முதல் டம்ளர் தண்ணீரை நான் குடித்த பிறகுதான் கிளம்புகிறேன்.