தடைக்காலத்தில் என் அடுப்படிக் கதவுகள்

மீன்பிடித் தடைக்காலம் வந்தால் எங்கள் தெருவில் ஆண்கள் எல்லாரும் வீட்டில்தான். விசைப்படகில் டிரைவராக இருக்கும் என் கணவருக்கு முதல் சில நாட்கள் தூக்கத்திலேயே போய்விடும். அதற்குமேல் கை சும்மா இருக்காது. போன தடைக்காலத்தில் அவர் என் அடுப்படி அலமாரிகளைக் கையில் எடுத்தார்.

வீடு கட்டியபோது தேக்கில் செய்த அலமாரிகள். உப்புக்காற்றில் கீல்கள் துருவேறி, பெயிண்ட் செதில் செதிலாக உரிந்துவிட்டது. அடுப்புக்கு மேலே இருந்த கதவுகள் மீன் பொரித்த புகையில் கறுத்துப் பிசுபிசுத்தன. தச்சரை அழைத்துக் காட்டினோம். எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டு பிளாஸ்டிக்கில் மாட்டிக்கொள்ளச் சொன்னார். தினமும் எங்கள் தீவிலிருந்து பாலம் தாண்டி ராமநாதபுரத்துக்கு வேலைக்கு ஓடுகிற எனக்கும் அதுவே சுலபமாகப் பட்டது. கணவர் மட்டும் ஒரு கதவைத் தட்டிப் பார்த்தார்.

“மரம் நல்லாத்தான் இருக்கு. நான் பாத்துக்கிறேன்,” என்றார்.

எனக்கு நம்பிக்கை இல்லை. படகுக்குப் பெயிண்ட் அடித்த அனுபவம் அவருக்கு உண்டு. ஆனால் அடுப்படிக்குள் தண்ணீர் குடிக்க மட்டுமே வந்து போகிறவர்.

கதவுகளைக் கழற்றிக் கொல்லையில் வைத்து, சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து, அன்றைக்கே பெயிண்டும் அடித்துவிட்டார். மதியத்துக்குமேல் மேற்கிலிருந்து கச்சான் காற்று கிளம்பியது. நான் வேலை முடிந்து வந்து பார்க்கும்போது ஈரப் பெயிண்ட் முழுக்க மணல் ஒட்டிக் கிடந்தது. அடுப்புக்கு மேலே இருந்த கதவுகளில், மரத்தில் ஊறியிருந்த எண்ணெய்மேல் பெயிண்ட் பிடிக்காமல் குமிழ் குமிழாக எழும்பியிருந்தது. தச்சரையே கூப்பிட்டுவிடலாம் என்று மெதுவாகச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கதவின்மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். பிறகு, எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு முதலிலிருந்து தொடங்கப்போவதாகச் சொன்னார்.

அப்படியே செய்தார். இந்தத் தடவை சலவைச் சோடா கரைத்த வெந்நீரில் கதவுகளைக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, அதற்குப் பிறகே பிரைமர் அடித்தார். கதவுகள் எங்கள் படுக்கையறைக்குள் குடிவந்தன. ஜன்னலைச் சாத்தி வைத்தோம். நாங்கள் கூடத்தில் பாய் விரித்தோம். கடலில் அவர் எப்படி இருப்பார் என்று நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு பூச்சும் காயும்வரை தொடாமல் அவர் காத்திருந்ததைப் பார்த்தபோது, வலையை இறக்கிவிட்டு இப்படித்தான் உட்கார்ந்திருப்பார் என்று தோன்றியது.

கதவில்லாத அலமாரிகளில் என் சமையல் சாமான்கள் எல்லாம் வெளியே தெரிந்தன. ஒரு காலையில் நான் ஸ்டூலில் ஏறி மசாலா டப்பா எடுப்பதை அவர் அடுப்படி வாசலில் நின்று பார்த்தார்.

“தெனமும் இப்படி ஏறித்தான் எடுக்குறியா?”

“வேற எப்படி எடுக்குறது?” என்றேன்.

மறுநாள் வேலையிலிருந்து வந்தபோது மேல்தட்டு என் கைக்கு எட்டும் உயரத்துக்கு இறங்கியிருந்தது. நான் ஸ்டூலை எடுத்துக் கொல்லையில் வைத்தேன்.

நிறம் என்ன வேண்டும் என்று கேட்டார். படகுக்கு வாங்கிய பெயிண்ட் மிச்சம் இருக்குமே என்று நீலம் சொன்னேன்.

“நீலம் வேணாம். வருசம் பூரா அதத்தான பாக்குறேன்.”

பூவரசம் பூவின் மஞ்சளைத் தேர்ந்தெடுத்தோம். ராமநாதபுரம் கடையில் துருப்பிடிக்காத கீல்களாகப் பார்த்து நான் வாங்கி வந்தேன்.

தடைக்காலம் முடியும் தறுவாயில் கதவுகளை மாட்டினார். ஒரு கதவு இன்றுவரை முழுசாக மூடுவதில்லை. அடிக்கும்போது தூரிகையிலிருந்து உதிர்ந்த ஒரு முடி இன்னொன்றில் ஒட்டியிருக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா வந்து பார்த்துவிட்டு, எந்தப் பெயிண்டர் என்று விசாரித்தார். இவர்தான் என்றதும் நம்பாமல் சிரித்தார்.

அன்று சாயங்காலம் அவரே டீ போட்டார். சீனி டப்பா எங்கே என்று என்னைக் கேட்காமல் தானே எடுத்துப் போட்டார். தூள் கூடிப்போய் டீ கொஞ்சம் கசந்தது. நான் முழுவதையும் குடித்தேன்.