முன்சீட்டும் நான் கேட்காத கேள்வியும்

சிரிக்காம கேளுங்க. நான் சாஃப்ட்வேர் டெஸ்டிங்ல இருக்கேன். பேய் வந்து முன்னாடி நின்னாக்கூட, "எங்க, இன்னொரு தடவ வா, பார்த்து உறுதி பண்ணிக்கறேன்"னு சொல்ற ஆளு. அப்படிப்பட்ட எனக்குத்தான் இது நடந்துச்சு.

அம்பத்தூர்ல இத்தனை வருஷமா ஃபிளாட்ல இருந்தும் ஏரியா ஆளுங்க ஒருத்தரையும் தெரியலயேன்னு எனக்கு ஒரே கடுப்பு. அதான் நானும் என் ஃபிரெண்டு யாஸ்மினும் சேர்ந்து, நம்ம பக்கத்து ஆளுங்களோட பேட்டி மட்டும் போடற மாதிரி ஒரு குட்டிப் பத்திரிகை ஆரம்பிச்சோம். அவங்க அப்பாவுக்குப் பூந்தமல்லில சின்னதா ஒரு பிரஸ். "ஒரு இதழ் அடிச்சுத் தரேன், நல்லா இருந்தா தொடரலாம், இல்லன்னா ஆசையை மூட்டை கட்டி வச்சிடுங்கம்மா"ன்னுட்டார். ஆக, எல்லாமே முதல் பேட்டி கையிலதான்.

திருவேற்காட்டுலேர்ந்து பூந்தமல்லிக்கு ஷேர் வேன் ஓட்டுற தேவகி அக்காவைப் பிடிச்சேன். வண்டி நிறையற வரைக்கும்தான் பேசுவேன்னு கண்டிஷன். நான் வேற டிவி பேட்டியெல்லாம் பார்த்துக் கெட்டுப்போனவ, "உங்க சாதனை என்ன, இளைஞர்களுக்கு என்ன சொல்ல விரும்புறீங்க"ன்னு கேட்டு வச்சேன். "இன்னாத்தம்மா சொல்றது? ரோட்ட பாத்து கிராஸ் பண்ண சொல்லு"ன்னாங்க. அதுக்குள்ள முன்சீட் தவிர வண்டி நிறைஞ்சு கிளம்பிட்டாங்க. அவ்ளோதான் பேட்டி. எனக்கு அழுகையே வந்துடுச்சு.

சாயங்காலம் யாஸ்மின் வீட்ல உக்காந்து என் போன்ல ரெக்கார்டிங்கைப் போட்டோம். நீங்க நம்புனா நம்புங்க. அந்த ரோடு பதிலுக்கு அப்புறம் ஒரு பொம்பளைக் குரல், லேசா கரகரன்னு, அவசரமே இல்லாம கேக்குது: "முன்சீட்ல யாருக்குக்கா எடம் வச்சிருக்கீங்க?" நான் கேக்கல. சத்தியமா நான் கேக்கல, வண்டில இருந்த வேற யாரும் கேக்கவும் இல்ல. ஆனா அக்கா பதில் சொல்றாங்க!

"என் தங்கச்சிக்குமா. சண்ட போட்டு பேச்சுவார்த்தையே இல்ல. சென்னீர்குப்பம் ஸ்டாப்பாண்ட தெனம் நிப்பா. எல்லா வண்டிலயும் ஏறுவா, என் வண்டில மட்டும் ஏறமாட்டா. இன்னிக்காச்சும் ஏறுவாளோன்னு முன்சீட்ட காலியா வச்சிகினுதான் அந்த ஸ்டாப்ப தாண்டுவேன்."

நான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். யாஸ்மின் என்னடான்னா, "போட்டுடலாம்டி"ங்கறா. அக்காகிட்ட கேக்காமப் போட எனக்கு மனசு வரல. மறுநாள் போய் அவங்களுக்கே போட்டுக் காட்டினேன். முகம் அப்படியே மாறிடுச்சு. "இத நான் வாயத் தொறந்து யார்கிட்டயும் சொன்னதில்லமா. ஆனா என் கொரல்தான். மனசுல கீறதும் இதான்"னாங்க. ஸ்டியரிங்கைத் துடைச்சுக்கிட்டே, "போட்டுடு. அவ படிப்பா"ன்னாங்க.

போட்டோம். பத்திரிகை வந்த வாரமே தங்கச்சி அந்த முன்சீட்ல உக்காந்து பூந்தமல்லி வரைக்கும் போனாங்க. அக்கா எனக்கு போன் பண்ணி ஒரு வார்த்தை பேசல, ஹாரனை மட்டும் அடிச்சுக்கிட்டே இருந்தாங்க. எனக்கு அவ்ளோ சந்தோஷம். யாஸ்மின் அப்பாவும் மறுபேச்சு பேசாம அடுத்த இதழுக்குப் பேப்பர் வாங்கிட்டார்.

அதுக்கப்புறம் சாதனை, அறிவுரை எல்லாத்தையும் விட்டுட்டேன். யாரைப் பார்த்தாலும் "யாருக்கு எடம் வச்சிருக்கீங்க"ங்கற அந்தக் கேள்வியை நானே கேக்குறேன், ஆளுங்களும் மடை திறந்த மாதிரி பேசுறாங்க. பத்திரிகை நல்லாவே போகுது.

ஆனா போன வாரம், பாடில லேத் பட்டறை வச்சிருக்கற ஒரு அண்ணன்கிட்ட எடுத்த பேட்டியை டைப் பண்ணும்போது யாஸ்மின் சட்டுன்னு நிறுத்திட்டா. "ஏய், அந்தக் குரல் திரும்ப வந்துடுச்சுடி"ன்னா. பழைய ரெக்கார்டிங்கையும் புதுசையும் மாத்தி மாத்திப் போட்டுக் கேட்டோம். அதே கரகரப்பு, அதே அவசரமில்லாத பேச்சு. ரெண்டும் ஒரே குரல்தான், சந்தேகமே இல்ல.

புதுசுல கேள்வி கேட்டது நான். பேட்டி எடுத்து எடுத்து இப்போ என் தொண்டை அப்படித்தான் ஆகிக் கிடக்கு.